தடுமாறும் ஏ.எஃப்.எல். கிளப் தலைமைப் பயிற்சியாளரை மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்கில், சுருக்கமாக ஏ.எஃப்.எல்.லில், 18 கிளப்புகள் இருக்கின்றன. மார்ச்சில் தொடங்கி ஆகஸ்ட் முடியும்வரை ஒவ்வொன்றும் 23 ஆட்டம் ஆடும். யாராவது ஒருவர் கடைசி இடத்தில் வந்துதான் தீர வேண்டும். ஜூன் மாதம் மெல்பர்னில் குளிரும் மழையும் சேர்ந்துகொள்ளும்போது, பட்டியலின் அடியில் கிடக்கும் ஏதோ ஒரு கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர் தலைக்கு மேல் கத்தி தொங்க ஆரம்பித்துவிடும். அந்த முடிவை எடுப்பது எப்படி, எடுத்தபின் செய்ய வேண்டியவை என்னென்ன என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இந்தக் கட்டுரை. கிளப்பின் நிர்வாகக் குழுவில் நீங்களும் ஒருவராக உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு படியுங்கள். ஆண்டுதோறும் உறுப்பினர் சந்தா கட்டும் ரசிகருக்கும் இதில் வேலை இருக்கிறது. பல கிளப்புகளில் அந்தக் குழுவுக்கு வாக்களிப்பவர் அவர்தான்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சியாளரை வைத்திருப்பதா அனுப்புவதா என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதை முதலில் கேட்கும் கிளப், மூன்று நான்கு ஆண்டுகளில் அதே மேசையைச் சுற்றி அதே கேள்வியோடு மறுபடி உட்கார்ந்திருக்கும்.

இதற்கு மெல்பர்ன் நகரின் பழைய கிளப்பான கார்ல்டனைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. டெனிஸ் பேகன் 2007 ஜூலையில் போனார். அடுத்து வந்த பிரெட் ராட்டன் 2009, 2010, 2011 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு அணியை ஃபைனல்ஸுக்கு, அதாவது முன்னணி அணிகள் கோப்பைக்காக மோதும் கடைசிக் கட்டத்துக்கு, கொண்டுபோனவர். ஒரே ஒரு ஆண்டு சறுக்கியதும் 2012 ஆகஸ்டில் நீக்கப்பட்டார். பிறகு பெரிய பெயராக மிக் மால்ட்ஹவுஸ் வந்தார். 2015 மே மாதம் அவர் போனார். பிரெண்டன் போல்டன் 2019 ஜூனில் போனார். டேவிட் டீக் 2021 ஆகஸ்டில் போனார். 14 ஆண்டுகளில் ஐந்து நீக்கங்கள். 2002-க்கு முன்புவரை ஒருமுறைகூடக் கடைசி இடத்துக்கான 'வுடன் ஸ்பூன்' வாங்கியிராத அந்தப் பெருமைமிக்க கிளப், 2002 முதல் 2018 வரை ஐந்து முறை வாங்கியது. ஐந்து பயிற்சியாளர்களும் திறமையற்றவர்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்களைத் தேர்ந்தெடுத்த முறையில் கோளாறு இருந்தது. நீக்கிய முறையிலும் இருந்தது.

படி 1: தோல்விக்குக் காரணம் எது என்று கண்டுபிடியுங்கள்

தோற்கும் அணிக்குப் பொதுவாக மூன்று இடங்களில் நோய் இருக்கும். வீரர் பட்டியலில், பயிற்சியில், அல்லது கிளப்பின் நிர்வாகத்தில். பயிற்சியாளரை மாற்றினால் குணமாவது இரண்டாவது மட்டுமே.

முதலில் புள்ளிப்பட்டியலைத் தாண்டிப் பாருங்கள். இந்த ஆட்டத்தில் கோலுக்கு 6 புள்ளி, நடுக் கம்பங்களைத் தவறவிட்டுப் பக்கத்தில் போகும் பிஹைண்டுக்கு 1 புள்ளி. எடுத்த மொத்தப் புள்ளிகளை விட்டுக்கொடுத்த மொத்தப் புள்ளிகளால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது சதவீதம். வெற்றிக் கணக்கைவிட அணியின் உண்மையான பலத்தை இது நன்றாகக் காட்டும். சின்ன வித்தியாசத்தில் தோற்கும் அணியும் எண்பது புள்ளியில் தோற்கும் அணியும் பட்டியலில் ஒரே மாதிரித்தான் தெரியும், நோய் வேறு. 2017 மே மாதம் ரிச்மண்ட் அடுத்தடுத்து மூன்று வாரம் 5, 2, 3 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. முந்தைய ஆண்டின் கசப்பும் சேர்ந்து ரசிகர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் கோப்பையைத் தூக்கியது அதே ரிச்மண்ட்தான்.

அடுத்து வீரர் பட்டியலின் வயது. 50, 60 ஆட்டம்கூட ஆடாத பையன்கள் பாதிப் பேர் இருக்கும் அணி தோற்கத்தான் செய்யும். அந்தப் பட்டியலைத் தயாரித்ததில் பயிற்சியாளருக்கு எவ்வளவு பங்கு, இளம் வீரர்களைக் கிளப்புகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டையும் வீரர் மாற்றங்களையும் கவனிக்கும் பட்டியல் மேலாளருக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துக் கேளுங்கள். அடிலெய்ட் 2020-ல் மேத்யூ நிக்ஸிடம் பொறுப்பைக் கொடுத்தது. அவருடைய முதல் 13 ஆட்டங்களிலும் தோல்வி. கிளப்பின் வரலாற்றிலேயே முதல் வுடன் ஸ்பூன். அணியைக் கலைத்துப் புதிதாகக் கட்டுகிறோம் என்பது நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்ததால் அவரை விடவில்லை. ஐந்து ஆண்டு ஃபைனல்ஸ் வாசனையே இல்லை. 2025-ல் அடிலெய்ட் பட்டியலின் முதலிடத்தில் முடித்தது. ஃபைனல்ஸில் இரண்டு ஆட்டமும் தோற்று வெளியேறியது வேதனைதான். என்றாலும் 13 தோல்வியில் தொடங்கியவரைப் பொறுத்திருந்ததற்குப் பலன் கிடைத்தது.

பயிற்சியில்தான் கோளாறு என்று எதை வைத்துச் சொல்வது? நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: 20 வயதில் வந்த பையன் 22 வயதில் முன்னேறியிருக்கிறானா? ஒருவர் இருவர் தேங்கினால் அது அவரவர் பிரச்சினை. ஆறேழு பேர் ஒரே சமயத்தில் தேங்கினால் பயிற்சிக் கூடத்தில் ஏதோ சரியில்லை. அதன்பிறகு, பந்தைப் பறிகொடுத்தவுடன் எதிரணி எவ்வளவு எளிதாகக் கோல் அடிக்கிறது என்று பாருங்கள். அதில் தெரிவது அணியின் அமைப்பு, ஒருவரை ஒருவர் தாங்கும் பழக்கம். கடைசிக் கால்பகுதியில் மட்டும் தளர்ந்து விழுகிறதா என்றும் பாருங்கள். காரணம் உடல் தகுதியாகவும் இருக்கலாம், நம்பிக்கை போனதாகவும் இருக்கலாம். 2025 ஜூலையில் மெல்பர்ன் அணி மூன்றாம் கால்பகுதி முடிவில் 46 புள்ளி முன்னிலையில் இருந்து செயின்ட் கில்டாவிடம் தோற்றது. அடுத்த மாதத் தொடக்கத்திலேயே, 1964-க்குப் பின் அந்த கிளப்புக்கு முதல் கோப்பையை 2021-ல் வாங்கித்தந்த சைமன் குட்வின் நீக்கப்பட்டார். அந்த ஒரே ஆட்டத்தை வைத்து அவரை அனுப்பினார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. முந்தைய ஆண்டும் அந்த அணி 14-ஆம் இடத்தில்தான் முடித்திருந்தது. ஒரு ஆட்டம் காயத்தைத் திறந்து காட்டும். காயம் எப்போது வந்தது என்பதை நீங்கள்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

படி 2: ஆய்வை நேர்மையாக நடத்துங்கள்

ஒரு ஆய்வு நேர்மையானதா என்று அறிய எளிய வழி உண்டு. ஆய்வு கேட்டவர்களையும் அது ஆராய்கிறதா? தலைவர், தலைமைச் செயல் அதிகாரி, ஃபுட்பால் மேலாளர், பட்டியல் மேலாளர், மருத்துவக் குழு எல்லோரும் வரம்புக்குள் இருக்க வேண்டும். பயிற்சியாளரை மட்டும் ஆராயும் ஆய்வின் முடிவு ஏற்கனவே எழுதப்பட்டுவிட்டது என்று பொருள்.

2011 ஜூலை 30 அன்று மெல்பர்ன் அணி ஜீலாங்கிடம் 186 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. மறுநாளே டீன் பெய்லியை அனுப்பினார்கள். தலைமைச் செயல் அதிகாரி நீடித்தார். அடுத்து வந்த மார்க் நீல்டுக்கு 33 ஆட்டங்களில் 5 வெற்றிதான். 2013-ல் லீக் நிர்வாகமே உள்ளே இறங்க வேண்டிய நிலை வந்தது. முதலில் தலைமைச் செயல் அதிகாரியாகப் பீட்டர் ஜாக்சன் வந்தார், அதன்பிறகுதான் பால் ரூஸ் பயிற்சியாளராக வந்தார். இந்த வரிசையைக் கவனியுங்கள். வீட்டை நிர்வகிக்க ஆள் கிடைத்தபிறகு பயிற்சியாளர் வந்தார். 2021-ல் கிடைத்த கோப்பையின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இன்னொரு பக்கம் ரிச்மண்ட். 2016-ல் 8 வெற்றி, 13-ஆம் இடம், கடைசி ஆட்டத்தில் சிட்னியிடம் 113 புள்ளித் தோல்வி. நிர்வாகக் குழுவையே மாற்ற வேண்டும் என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. தலைவர் பெகி ஓ'நீலும் தலைமைச் செயல் அதிகாரி பிரெண்டன் கேலும் ஃபுட்பால் துறை முழுவதையும் ஆராய்ந்தார்கள், பயிற்சியாளர் டேமியன் ஹார்ட்விக்கை வைத்துக்கொண்டார்கள். வைத்துக்கொண்டதோடு விட்டிருந்தால் அதைப் பிடிவாதம் என்றுதான் சொல்ல வேண்டும். அனுபவம் நிறைந்த நீல் பால்மை ஃபுட்பால் மேலாளராகக் கொண்டுவந்தார்கள். உதவிப் பயிற்சியாளர்களை மாற்றினார்கள். டியான் பிரெஸ்டியா, டோபி நான்கர்விஸ், ஜாஷ் கேடி ஆகியோரை வாங்கினார்கள். 1980-க்குப் பிறகு முதல் கோப்பை 2017-ல் வந்தது. 2019, 2020-லும் வந்தது. காலிங்வுட்டும் 2017 முடிவில் இதேபோல் ஆராய்ந்து நேதன் பக்லியை வைத்துக்கொண்டது. மறு ஆண்டு இறுதி ஆட்டமான கிராண்ட் ஃபைனலில் வெஸ்ட் கோஸ்ட்டிடம் 5 புள்ளியில் கோப்பையை இழந்தது.

ஆய்வில் வீரர்களின் குரல் அவசியம். தலைமைக் குழு வீரர்களோடு நிறுத்தாமல், பட்டியலின் கடைசியில் இருப்பவனையும், சென்ற ஆண்டு கிளப்பை விட்டுப் போனவனையும் கேளுங்கள். போனவனுக்கு மறைக்க எதுவும் இல்லை. 2014 அக்டோபரில் வெஸ்டர்ன் புல்டாக்ஸின் கேப்டன் ரையன் கிரிஃபன் வேறு கிளப்புக்குப் போக வேண்டும் என்று கேட்டார். அடுத்த சில நாட்களில் பயிற்சியாளர் பிரெண்டன் மெக்கார்ட்னி விலகினார். கேப்டனே வெளியேற விரும்பும்வரை உள்ளே நடப்பது மேலிடத்துக்குத் தெரியவில்லை என்றால், அது பயிற்சியாளர் மேல் மட்டும் சுமத்தக்கூடிய தவறு அல்ல.

படி 3: எப்போது?

பருவத்தின் நடுவில் மாற்றுவதா, முடிவில் மாற்றுவதா? என் பதில் நாட்காட்டியைப் பொறுத்தது. ஆகஸ்ட் கடைசியில் வழக்கமான ஆட்டங்கள் முடியும். செப்டம்பரில் ஃபைனல்ஸ். அக்டோபரில் வீரர் பரிமாற்றக் காலம். நவம்பரில் டிராஃப்ட், புதிய பருவத்துக்கான பயிற்சியும் அப்போதே தொடங்கிவிடும். யாரை வாங்குவது யாரை விடுவது என்று புதியவர் சொல்ல வேண்டுமென்றால், செப்டம்பர் முடிவுக்குள் அவர் நாற்காலியில் இருக்க வேண்டும். நல்ல தேடலுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். கணக்கைப் பின்னோக்கிப் போட்டால் ஜூலை, ஆகஸ்ட் தொடக்கம் என்று வரும்.

ஆகவே முடிவு உறுதியாகிவிட்டது என்றால் பருவம் முடியட்டும் என்று காத்திருப்பதில் கருணை எதுவும் இல்லை. மனதுக்குள் அனுப்பிவிட்ட ஒருவரை வாராவாரம் பத்திரிகையாளர்கள் முன் உட்கார வைப்பது அவருக்கும் கொடுமை, வீரர்களுக்கும் கொடுமை. முடிவு உறுதியாகவில்லை என்றால் வாயைத் திறக்காதீர்கள். 2023 ஜூனில் ஆறு தொடர் தோல்விகளோடு கார்ல்டன் 15-ஆம் இடத்தில் கிடந்தது. பயிற்சியாளர் மைக்கேல் வாஸை அனுப்பச் சொல்லிச் சத்தம் காதைப் பிளந்தது. கிளப் அசையவில்லை. பின்னால் தொடர்ந்து 9 வெற்றிகள், அரையிறுதிக்கு இணையான பிரிலிமினரி ஃபைனல் வரை பயணம். இத்தனை பேரை அவசரப்பட்டு அனுப்பிய அதே கார்ல்டன் அன்று பொறுத்திருந்தது என்பதே எனக்கு அந்த ஆண்டின் பெரிய செய்தி.

படி 4: ஒப்பந்தமும் பணமும்

ஒவ்வொரு கிளப்பும் பயிற்சியாளர்கள், உடற்பயிற்சி நிபுணர்கள் முதலானோருக்குச் செய்யும் செலவுக்கு லீக் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அதற்கு 'சாஃப்ட் கேப்' என்று பெயர். மீறினால் அபராத வரி கட்ட வேண்டும். கோவிட் காலத்தில் இந்த வரம்பை வெட்டி 2021-க்கு 62 லட்சம் ஆஸ்திரேலிய டாலராக்கினார்கள். அப்போது பல கிளப்புகள் உதவிப் பயிற்சியாளர்களை இழந்தன. மாற்றத்துக்குமுன் வழக்கறிஞரையும் கணக்காளரையும் உட்கார வைத்து, போகிறவருக்குக் கொடுக்க வேண்டியது எவ்வளவு, வருகிறவருக்கும் அவர் கேட்கும் உதவியாளர்களுக்கும் மிச்சம் எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள். புதியவருக்கு நல்ல உதவியாளர்களைத் தர முடியாத மாற்றம் பாதி மாற்றம்தான்.

இதைவிட முக்கியமானது, பருவத்தின் நடுவில் ஒப்பந்தத்தை நீட்டிக்காதீர்கள். செயின்ட் கில்டா 2022 ஜூலையில் பிரெட் ராட்டனுக்கு இரண்டு ஆண்டு நீட்டித்தது. அக்டோபரில், ஆய்வு முடிந்ததும், அவரை நீக்கியது. சுமார் மூன்று மாதத்தில் ஒரு மனிதரின் திறமை மாறிவிடாது. ஆய்வு முதலில் வந்திருக்க வேண்டும், பேனா பின்னால் வந்திருக்க வேண்டும். வெளியே பேசுகிறார்கள் என்பதற்காக, வாயை அடைக்கும் மருந்தாக நீட்டிப்பைப் பயன்படுத்துவது கிளப்புகளின் பழைய வியாதி.

படி 5: சொல்லும் விதம்

மூன்று விதிகள் போதும். அவரிடம் முதலில் சொல்லுங்கள். நேரில் சொல்லுங்கள். தலைவரும் தலைமைச் செயல் அதிகாரியும் சேர்ந்து போய்ச் சொல்லுங்கள். அதே நாளில் வீரர்களுக்கும், பின் ஊழியர்களுக்கும், பின்னர்தான் ஊடகத்துக்கும்.

2022 ஆகஸ்டில் எசண்டனில் நடந்தது இதற்கு நேர்மாறு. தலைவர் மாறிய அதே வாரத்தில் கிளப், நான்கு கோப்பை வென்ற பயிற்சியாளர் அலஸ்டர் கிளார்க்சனைப் பிடிக்க ஓடியது. பென் ரட்டன் அப்போதும் பதவியில் இருந்தார், ஊரெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. கிளார்க்சன் நார்த் மெல்பர்னைத் தேர்ந்தெடுத்தார். ரட்டன் தன் கடைசி ஆட்டத்தை ரிச்மண்டுக்கு எதிராக நடத்தி முடித்தார், மறுநாள் நீக்கப்பட்டார். முதல் முழு ஆண்டிலேயே அணியை ஃபைனல்ஸுக்குக் கொண்டுபோன இளம் பயிற்சியாளர் அவர். இப்படி ஒருவரை நடத்தும் கிளப்புக்கு அடுத்து விண்ணப்பிக்கப் போகிறவர் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருப்பார் என்பதை மறக்கக் கூடாது.

கடுமையான வழியும் சில சமயம் ஆடுகளத்தில் பலன் தந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2011 செப்டம்பரில் ஃப்ரீமேன்டில் மார்க் ஹார்வியை நீக்கிய அன்றே ராஸ் லயனை அறிவித்தது. இரண்டே ஆண்டில் கிராண்ட் ஃபைனல் ஆடியது. பலன் வந்ததால் அந்த முறை சரியாகிவிடாது.

நல்ல பிரிவுக்குக் காலிங்வுட்டைப் பாருங்கள். 2021 ஜூனில் பக்லி விலகுவதாக அறிவித்தபின், மெல்பர்னுக்கு எதிராக ஒரு கடைசி ஆட்டம் அவருக்குக் கிடைத்தது. பட்டியலின் உச்சத்தில் இருந்த அணிகளில் ஒன்றை அன்று காலிங்வுட் வென்றது. வீரர்கள் அவரை வழியனுப்பிய விதம் அந்த கிளப்பின் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு உதவியிருக்கும் என்று நான் நம்புகிறேன். பழையவரோடு மனக்கசப்பு இல்லாத வீரர்களிடம் புதியவர் எளிதாகப் பேச முடியும்.

படி 6: இடைக்காலப் பயிற்சியாளர்

உதவிப் பயிற்சியாளர்களில் ஒருவரிடம் மீதமுள்ள ஆட்டங்களைக் கொடுப்பது வழக்கம். அவரிடம் அன்றே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: நிரந்தரப் பதவிக்கு அவரும் போட்டியாளரா, இல்லையா.

இங்கேதான் கிளப்புகள் அதிகம் ஏமாறும். ஆள் மாறியதும் இறுக்கம் தளர்ந்து வீரர்கள் சுதந்திரமாக ஆடுவார்கள். இழப்பதற்கு எதுவும் இல்லாத ஆட்டங்கள் அவை. அதோடு, மிக மோசமாகப் போய்க்கொண்டிருந்த அணி யார் வந்தாலும் கொஞ்சம் மேலே வரத்தான் செய்யும். 2019-ல் டேவிட் டீக் 11 ஆட்டங்களில் 6 வென்றார். ரசிகர்கள் அவர் பெயரைக் கோஷமிட்டார்கள், கார்ல்டன் நிரந்தரமாக்கியது, இரண்டு பருவத்தில் அனுப்பியது. அதே ஆண்டு நார்த் மெல்பர்னில் ரைஸ் ஷா இடைக்காலத்திலிருந்து நிரந்தரமாகி அடுத்த பருவத்தோடு விலகினார். சிட்னியில் 2002-ல் பால் ரூஸுக்கும் ரசிகர்களின் ஆரவாரம் துணையாக இருந்தது. அவர் 2005-ல் 72 ஆண்டுக் காத்திருப்பை முடித்துக் கோப்பை வாங்கினார். எனவே இடைக்காலத்தவரை ஒதுக்கச் சொல்லவில்லை. வெளியாட்கள் சந்திக்கும் அதே நேர்காணலில் அவரும் உட்காரட்டும் என்கிறேன். 2023-ல் ரிச்மண்ட், ஹார்ட்விக் விலகியபின் இடைக்காலத்தைக் கவனித்த ஆண்ட்ரூ மெக்வால்டரை விட்டு ஏடம் யேஸைத் தேர்ந்தெடுத்தது. மெக்வால்டர் பின்னர் வெஸ்ட் கோஸ்ட்டின் தலைமைப் பயிற்சியாளரானார்.

இன்னொரு எச்சரிக்கை. டிராஃப்டில் கடைசி இடத்து அணிக்கே முதல் தேர்வு. தோற்றால் லாபம் என்ற எண்ணம் சிலர் மனதில் எட்டிப்பார்க்கும். 2009 பருவத்தைப் பற்றிய விசாரணையின் முடிவில் 2013-ல் மெல்பர்ன் கிளப்புக்கு 5 லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள். வேண்டுமென்றே தோற்றதாக நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் டீன் பெய்லிக்கும் நிர்வாகி கிறிஸ் கானலிக்கும் தடை விழுந்தது. இடைக்காலத்தவரிடம் வெல்லச் சொல்லுங்கள். இளைஞர்களை ஆட விடுங்கள். அதற்குமேல் எதுவும் காதில் ஓத வேண்டாம்.

படி 7: தேடல்

முதலில் தேடுபவர்களைத் தேர்ந்தெடுங்கள். நான்கைந்து பேர் போதும். பாதிப் பேருக்காவது மேல்மட்டப் பயிற்சி அனுபவம் இருக்க வேண்டும். பெயர்களைப் பேசும் முன், அணிக்கு என்ன தேவை என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். இளைஞர்களை வளர்ப்பவரா, முதிர்ந்த அணியை இன்னும் ஒரு படி ஏற்றுபவரா, உடைந்த வீட்டை ஒட்டவைப்பவரா? ஒரே ஆளிடம் மூன்றும் கிடைப்பது அபூர்வம்.

பெரிய பெயர் மேல் நம்பிக்கை வைப்பது மிக எளிது. அது தலைவருக்குப் பாதுகாப்பு. தோற்றாலும் யாரும் தேர்வைக் குறை சொல்ல மாட்டார்கள். மால்ட்ஹவுஸ் லீக் வரலாற்றிலேயே அதிக ஆட்டங்களுக்குப் பயிற்சியாளராக இருந்தவர். கார்ல்டனில் மூன்றாம் பருவத்தைக்கூட முடிக்க முடியவில்லை. கிளார்க்சன் ஹாதார்னுக்கு நான்கு கோப்பை வாங்கித்தந்தவர். நார்த் மெல்பர்னில் அவருடைய முதல் மூன்று பருவங்களிலும் சேர்த்து 11 வெற்றிதான். பட்டியல் மெலிந்து கிடக்கும் இடத்தில் மேதையும் காத்திருக்கத்தான் வேண்டும். பெயர் பலித்த இடமும் உண்டு. 2023-ல் கோல்ட் கோஸ்ட் ஹார்ட்விக்கைப் பிடித்தது. 2011-ல் லீக்கில் சேர்ந்த அந்த கிளப் 2025-ல்தான் முதன்முறையாக ஃபைனல்ஸ் பார்த்தது. அங்கே பல ஆண்டு டிராஃப்டில் சேர்ந்த இளம் திறமை ஏற்கனவே நிரம்பியிருந்தது. தேவையும் ஆளும் பொருந்தின.

என் மனதுக்குப் பிடித்த தேர்வுகள் வேறு. கிறிஸ் ஃபேகன் ஏ.எஃப்.எல்.லில் ஒரு ஆட்டம்கூட ஆடியவர் அல்ல. டாஸ்மேனியாக்காரர், ஆசிரியர். ஹாதார்னில் திரைக்குப் பின்னால் வேலை பார்த்தவர். 2016 முடிவில் பிரிஸ்பேன் அவரை எடுத்தபோது அவருக்கு வயது 55. லூக் பெவரிட்ஜ் மெல்பர்னின் ஒரு அமெச்சூர் கிளப்பை மூன்று ஆண்டு தொடர்ந்து மேல் பிரிவுகளுக்கு ஏற்றியவர். அவர் வந்த இரண்டாம் ஆண்டிலேயே, 2016-ல், புல்டாக்ஸ் ஏழாம் இடத்திலிருந்து கிளம்பி 1954-க்குப் பிறகான முதல் கோப்பையை வென்றது. கிரெய்க் மெக்ரே பல கிளப்புகளில் உதவியாளராகவும் ரிச்மண்டின் இரண்டாம் அணிப் பயிற்சியாளராகவும் பொறுமையாகக் கற்றவர். 2021-ல் 17-ஆம் இடத்தில் முடித்த காலிங்வுட் அவர் கையில் 2022-ல் ஒரு புள்ளியில் கிராண்ட் ஃபைனலைத் தவறவிட்டு, 2023-ல் நான்கு புள்ளியில் கோப்பையைப் பிடித்தது. மூவரும் கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர்கள்.

நேர்காணலில் கேட்க வேண்டியது, அவருடைய ஆட்டத் திட்டம் மட்டும் அல்ல. உங்கள் அணி தோற்ற ஒரு ஆட்டத்தின் காணொளியைக் கொடுத்து, திங்கட்கிழமை காலை வீரர்களிடம் பேசுவதுபோல் பேசச் சொல்லுங்கள். பட்டியலில் உள்ள ஒரு பையனின் பெயரைச் சொல்லி, இரண்டு ஆண்டில் அவனை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். உங்களோடு கருத்து வேறுபட்ட உதவியாளர் யார், அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். அவர் பயிற்சியில் வளர்ந்த, வளராமல் போன வீரர்கள் இரு தரப்பிடமும் பேசுங்கள்.

படி 8: முன்கூட்டியே வாரிசை அறிவிப்பது

சுருக்கமாகச் சொல்கிறேன். மூத்தவர் தானாக முன்வந்து போக விரும்பினால் மட்டும் இது வேலை செய்யும். ரூஸிடமிருந்து ஜான் லாங்மயர் சிட்னியை வாங்கி இரண்டாம் ஆண்டில் கோப்பை வென்றார். மெல்பர்னில் ரூஸிடமிருந்து குட்வினுக்கும் சுமூகமாக மாறியது. இரண்டிலும் ரூஸுக்குப் போக மனம் இருந்தது. மால்ட்ஹவுஸ் 2010-ல் காலிங்வுட்டுக்குக் கோப்பை வாங்கித்தந்தபோது, 2011 முடிவில் பக்லிக்கு இடம் விட வேண்டும் என்று முன்பே கையெழுத்தாகியிருந்தது. அவர் மனத்தாங்கலோடு போனார். ஹாதார்ன் 2021 ஜூலையில் கிளார்க்சனுக்குப் பின் சாம் மிட்செல் என்று அறிவித்த ஏற்பாடு அந்த மாதத்தைக்கூடத் தாண்டவில்லை.

படி 9: புதியவரைச் சுற்றி வீட்டைக் கட்டுங்கள்

முதல்முறையாகத் தலைமை ஏற்பவர் அருகே, ஏற்கனவே அந்த நாற்காலியில் உட்கார்ந்து அடி வாங்கியவர் ஒருவர் இருக்க வேண்டும். பிரிஸ்பேன் நீக்கிய ஜஸ்டின் லெப்பிட்ச் ரிச்மண்டில் உதவியாளராகிக் கோப்பை பார்த்தார். பின்னர் அவரும், கார்ல்டன் நீக்கிய பிரெண்டன் போல்டனும் காலிங்வுட்டில் மெக்ரேயின் குழுவில் சேர்ந்தார்கள். 2023 கோப்பையில் இருவருக்கும் பங்கு உண்டு. நீக்கப்பட்ட பயிற்சியாளர்கள் பயனற்றவர்கள் என்று நினைக்கும் யாருக்கும் இந்த ஒரு விஷயத்தை எடுத்துச் சொல்வேன். அவர்களுக்குத் தெரிந்தது இருந்தது. தாங்கிப் பிடிக்கும் வீடு அப்போது அவர்களுக்கு இல்லை.

பயிற்சியாளருக்கும் நிர்வாகக் குழுவுக்கும் நடுவே வலுவான ஃபுட்பால் மேலாளர் வேண்டும். தலைவர் நேராகப் பயிற்சியாளருக்கு ஃபோன் போட்டு அணித் தேர்வைப் பற்றிப் பேசும் கிளப்பில் எந்தப் பயிற்சியாளரும் நிலைக்க மாட்டார். காலிங்வுட் மெக்ரேயைத் தேடும் முன்பே கிரஹாம் ரைட்டை ஃபுட்பால் துறைக்குக் கொண்டுவந்துவிட்டது. பிரிஸ்பேன் ஃபேகனோடு டேவிட் நோபிளையும் அதே காலத்தில் கொண்டுவந்தது. மறு ஆண்டு முடிவில், ஹாதார்னில் நான்கு கோப்பை வென்ற லூக் ஹாட்ஜை வீரராகவே அழைத்துவந்தார்கள். இளம் வீரர்களுக்குப் பயிற்சி நாள்களில் எப்படி நடந்துகொள்வது என்று காட்ட ஒரு மூத்தவர் களத்துக்குள்ளேயே கிடைத்தார்.

படி 10: முதல் இரண்டு ஆண்டு

எதை வைத்து அளப்போம் என்பதைக் கையெழுத்திடும் நாளிலேயே இருவரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெற்றி எண்ணிக்கையை முதல் ஆண்டுக்கு அதில் சேர்க்காதீர்கள். இளம் வீரர்களின் வளர்ச்சி, சதவீதம், வெளியேற விரும்பும் வீரர்களின் எண்ணிக்கை, ஒப்பந்தம் புதுப்பிக்கும் வீரர்களின் எண்ணிக்கை, கடைசிக் கால்பகுதி ஆட்டம். இவற்றை உறுப்பினர்களிடமும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பொறுத்திருக்கச் சொல்லும் கிளப், எதற்காகப் பொறுக்க வேண்டும் என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.

பிரிஸ்பேனுக்கு ஃபேகனின் முதல் ஆண்டு, 2017-ல், 5 வெற்றி, கடைசி இடம். இரண்டாம் ஆண்டும் 5 வெற்றிதான். வெற்றியை மட்டும் எண்ணுகிறவர் அங்கே முன்னேற்றமே இல்லை என்று சொல்லியிருப்பார். ஆனால் 80-க்குக் கீழே இருந்த சதவீதம் 90-ஐ நெருங்கியிருந்தது. பெரிய தோல்விகள் சின்னத் தோல்விகளாகியிருந்தன. 2019-ல் 16 வெற்றியோடு இரண்டாம் இடம். 2023-ல் கிராண்ட் ஃபைனலை நான்கு புள்ளியில் இழந்தார்கள். 2024-ல் சிட்னியை 60 புள்ளியில் வீழ்த்திக் கோப்பை, 2025-ல் ஜீலாங்கை 47 புள்ளியில் வீழ்த்தி இன்னொரு கோப்பை. இரண்டாம் ஆண்டு முடிவில் உங்கள் குழு கூடும்போது, கையில் வெற்றிக் கணக்கோடு அந்தப் பழைய காகிதமும் இருக்கட்டும்.